ஒயிட் போர்டு மச்சான்

செய்தி வந்தபோது காலை மணி பத்தேகால். தொம்மலூர் ஊருக்குள் ஒரு மருந்துக் கடை வாசலில், பாதி தூக்கிய ஷட்டருக்கு முன்னால் ஞானசேகரன் ஏணியில் நின்றிருந்தார். ஷட்டரின் ஸ்பிரிங் உடைந்துபோயிருந்தது. ஸ்பிரிங் போன ஷட்டர் பிணக்கனம் கனக்கும். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து அதை இடுப்பு உயரத்துக்கு ஏற்றிவிட்டு, கீழே இரண்டு இரும்புக் குழாய்களை முட்டுக்கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். புது ஸ்பிரிங்கும் வெல்டிங் மிஷினும் பிக்கப் வண்டியில் வர வேண்டும். வண்டியை லாயிட் ஓட்டிக்கொண்டு வர வேண்டும்.

"எங்கங்க உங்க ஆளு?" என்று கடைக்காரர் ராஜேஷ்குமார் மறுபடியும் கேட்டார். "ஜனம் குனிஞ்சு குனிஞ்சு மாத்திரை வாங்கிட்டுப் போவுது. என் கடை கோயில் கருவறை மாதிரி ஆயிடுச்சு."

"வந்துட்டே இருக்கான் சார். அல்சூர் சிக்னல்ல மாட்டியிருப்பான்."

அப்போதுதான் போன் அடித்தது. திரையில் லாயிட் பெயர். ஞானசேகரன் எடுத்ததுமே, "என்னடா, வண்டிய தள்ளிக்கிட்டு வரியா?" என்றார்.

மறுமுனையில் லாயிட் இல்லை. அவன் மனைவி ஆஞ்சலா.

"சேகர் அண்ணே, எங்க இருக்கீங்க?"

"தொம்மலூர்லம்மா. லாயிட்ட சீக்கிரம் வரச் சொல்லு, இங்க கடைக்காரரு..."

"அவரு வர மாட்டாரு அண்ணே."

அவள் அதைச் சொன்ன விதத்தில் ஞானசேகரனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மீதியை அவள் துண்டு துண்டாகச் சொன்னாள். குளித்துவிட்டு வந்து சட்டை போட்டான், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தான், பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்தார், ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போதே முடிந்துவிட்டது. "வண்டி வாசல்லயேதான் நின்னுச்சு அண்ணே. ஓட்டத் தெரிஞ்ச ஆளு அவரு ஒருத்தருதானே."

ஞானசேகரன் ஏணியிலிருந்து இறங்கினார். ஷட்டரை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. குழாய் ஒன்று வழுக்கினால் குனிந்து நிற்பவன் முதுகில் விழும். அவர் ஏணியை மடக்கி, ஷட்டருக்குக் கீழே குறுக்காக நிறுத்தி, காலால் உதைத்துப் பார்த்தார். அசையவில்லை.

"இந்த ஏணிய யாரும் எடுக்கக் கூடாது சார்."

"நீங்க எப்ப வருவீங்க?"

"வண்டி வரணும்," என்றார் ஞானசேகரன்.

*

ஞானசேகரன் பிறந்து வளர்ந்தது நீலசந்திராவில். அப்பா திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர், சீக்கிரமே போய்விட்டார். அம்மாவுக்கு ஒரு கண் தெரியாது. அவளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே ஞானசேகரன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார். அம்மா போன பிறகு கேட்பதற்கு ஆள் இல்லை. மாடியில் ஒற்றை அறை, ஒரு ஸ்டவ், ஒரு ரேடியோ. காலையில் எழுந்து மர்பி டவுன் பஸ்ஸைப் பிடித்தால் அன்றைக்கு முதல் வார்த்தையை லாயிட்டிடம்தான் பேசுவார். சாயங்காலம் கடைசி வார்த்தையும் அவனிடம்தான்.

இருவரும் ஒரே முதலாளியிடம் ஷட்டர் வேலை கற்றவர்கள். முதலாளி தொழிலை மூடியபோது லாயிட் ஒரு பழைய டபுள் கேபின் பிக்கப்பை வாங்கினான். முன்னால் இரண்டு பேர், பின் சீட்டில் மூன்று பேர் உட்காரலாம், அதற்குப் பின்னால் திறந்த பெட்டி. முதலில் வைத்திருந்தவர் அதைச் சொந்த உபயோகத்துக்கென்று வெள்ளை நம்பர் பிளேட்டில் பதிவு செய்திருந்தார். லாயிட்டும் அப்படியே விட்டுவிட்டான். அவன் ஓட்டுவான். ஞானசேகரன் இடது பக்கம் உட்காருவார். அவருக்கு சைக்கிள் தவிர எதுவும் ஓட்ட வராது.

ஒயிட் போர்டில் ஒரு பெரிய வசதி இருந்தது. காலையில் கடை திறக்கும் நேரத்தில்தான் ஷட்டர்கள் மக்கர் பண்ணும். அந்த நேரத்தில்தான் ஊரின் பெரிய சாலைகளில் மஞ்சள் பிளேட் மாட்டிய எல்லோ போர்டு சரக்கு வண்டிகளை விடமாட்டார்கள். எல்லோ போர்டுக்காரன் மரத்தடியில் நின்று கொட்டாவி விடும்போது லாயிட்டின் பிக்கப் கார்களோடு காராகப் போய்விடும். ஆனால் பெட்டியில் கிடப்பது ஸ்பிரிங், பைப், ஷட்டர் பட்டை, வெல்டிங் மிஷின். ஆர்.டி.ஓ. ஆட்கள் நிறுத்தினால், சொந்த வண்டியில் தொழில் பண்ணுகிறாய் என்று அபராதம் எழுதிவிடுவார்கள்.

அதற்கு லாயிட் ஒரு ஏற்பாடு வைத்திருந்தான். பெட்டியின் மேல் தார்ப்பாய். தார்ப்பாயின் மேல் ஒரு பாய், அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. டாஷ்போர்டில் மாதா சொரூபம். பின் சீட்டில் ஒரு தலையணை, சாப்பாட்டுக் கூடை, சிவாஜிநகர் மாதா கோயில் திருவிழாவில் வாங்கிய ரோஸ் நிறக் குழந்தைக் குடை. லாயிட்டுக்கும் ஆஞ்சலாவுக்கும் பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாத வீட்டு வண்டியில் அந்தக் குடை எப்போதும் இருந்தது.

"எல்லி ஹோக்தாயித்தீரா?" என்று இன்ஸ்பெக்டர் ஜன்னலில் குனிந்து கன்னடத்தில் கேட்பார், எங்கே போகிறீர்கள் என்று.

"சர்ச்சுக்கு சார். ஃபேமிலி ஃபங்ஷன்."

"இவரு யாரு? லேபரா?"

"ஐயோ, மச்சான் சார். வொய்ஃபோட அண்ணன்."

ஒரு தடவை ஒரு இன்ஸ்பெக்டர் ஞானசேகரனின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் அம்மா படத்துக்கு முன்னால் பூசிய விபூதி மூன்று பட்டையாகப் பளிச்சென்று இருந்தது. லாயிட்டின் கழுத்தில் ஜெபமாலை.

"மாமனுக்கு சிலுவை, மச்சானுக்கு விபூதியா?"

லாயிட் கண்ணை இமைக்கவில்லை. "லவ் மேரேஜ் சார். இவருதான் அப்ப என்னை அருவா எடுத்துட்டுத் துரத்துனவரு."

இன்ஸ்பெக்டர் ஞானசேகரனை ஏற இறங்கப் பார்த்தார். ஐம்பது கிலோ தேறாத உடம்பு. சிரிப்பை அடக்க முடியாமல், "ஹோகி, ஹோகி," என்று போகச் சொல்லிக் கையை வீசிவிட்டார். அடுத்த சிக்னல் வரைக்கும் லாயிட் ஸ்டியரிங்கில் தட்டித் தட்டிச் சிரித்தான். "அருவா எங்கடா மச்சான்? சீட்டுக்கு அடியில வெச்சிருக்கியா?"

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. நிறுத்தினால் மச்சான். நிறுத்தாவிட்டாலும் மச்சான். வேலை நேரத்திலும் லாயிட், "மச்சான், பதினாலாம் நம்பர் ஸ்பேனர எடு," என்றான். ஆஞ்சலா முதலில் சேகர் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எப்போது அது சேகர் அண்ணன் ஆனது என்று யாருக்கும் நினைவில்லை.

*

மர்பி டவுன் மார்க்கெட் பக்கத்து டீக்கடையில் இதைப் பற்றி அடிக்கடி சண்டை வரும். நாகேஷ் என்று ஒரு கூட்ஸ் ஆட்டோக்காரர், எல்லோ போர்டு. அவருக்கு லாயிட்டின் வண்டியைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

"அதே ரோடு, அதே லோடு. நான் பர்மிட் எடுக்கணும், வருஷா வருஷம் ஃபிட்னஸ் காட்டணும், பதினோரு மணி வரைக்கும் தெருவோரம் தவம் கிடக்கணும். நீங்க மாதாவ முன்னாடி வெச்சுக்கிட்டு ஜம்முனு போயிடுவீங்க. இது யாவ நியாயா குரு? எந்த ஊரு நியாயம்?"

"நீ வாடகைக்கு ஓட்டுற," என்பார் ஞானசேகரன். "அடுத்தவன் சரக்க ஏத்தி இறக்குற. இது எங்க சொந்த சாமான். தச்சன் பையில உளி எடுத்துட்டுப் போனா அவன் பைக்கும் எல்லோ போர்டு மாட்டுவியா?"

"உளியா? பின்னாடி அரை டன் இரும்பு கெடக்குதுய்யா! பிரேக் புடிக்கலன்னா முன்னாடி போறவன் என்ன ஆவான்? உன் உளி அவன் மண்டையில விழும்."

"அவன் சொல்றது சரிதான்டா மச்சான்," என்று லாயிட் டீயை ஊதிக்கொண்டே நாகேஷ் பக்கம் சாய்ந்துவிடுவான். ஞானசேகரனுக்கு அதுதான் ஆத்திரமாக வரும்.

லாயிட் எல்லோ போர்டு பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் நாகேஷ் இல்லை. அவன் மாதம் தவறாமல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவன். ஒவ்வொரு மாதமும் சாமியாரிடம் அதே பாவத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. வண்டி விஷயமாகப் பொய் சொன்னேன், சாமி. போன மாசமும் சொன்னேன். அதற்கு முந்தின மாசமும். ஒரு நாள் சாமியார் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து பெருமூச்சு விட்டுவிட்டு, "லாயிட், ஒண்ணு போர்ட மாத்து. இல்ல, பாவத்தயாவது மாத்து. எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு," என்றாராம். அதைச் சொல்லி லாயிட் சிரித்தான். ஆனால் அன்றிலிருந்து அவன் பேச்சு மாறியது.

"எல்லோ போட்டுடலாம் மச்சான். நிம்மதியாப் போலாம். நாப்பது பேரு நிறுத்தினாலும் பேப்பர நீட்டிட்டு உக்காந்திருக்கலாம். நீ யாரு என்னன்னு எவனும் கேக்க மாட்டான்."

"காலையில எப்படிப் போவ?"

"சின்ன ரோட்டுல சுத்திப் போவோம். இல்ல, விடியறதுக்கு முன்னாடி போய் நிப்போம். கடைக்காரன் வந்து நம்மள எழுப்பட்டும்."

"எங்க அம்மா போன வண்டிடா இது."

அதைச் சொன்னால் லாயிட் வாயை மூடிக்கொள்வான். அம்மா இறந்த அன்று லாயிட் விடிந்ததும் வந்து, சாமான் எல்லாவற்றையும் இறக்கி, பெட்டியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, சாணிப்பவுடர் தெளிக்க வேண்டுமா என்று தெருப் பெண்களிடம் கேட்டுக்கொண்டு நின்றான். வண்டி முழுக்கச் சாமந்தி கட்டினார்கள். வில்சன் கார்டன் மயானம் வரைக்கும் லாயிட் முதல் கியரிலேயே ஓட்டினான். வீட்டு வண்டி என்றால் இதுதான், இதற்கு எப்படி மஞ்சள் பிளேட் மாட்டுவது என்பது ஞானசேகரனின் வாதம். அது உண்மையான வாதம்தான். ஆனால் அதற்குக் கீழே இன்னொன்றும் இருந்தது. அதை அவர் தனக்கே கூட வார்த்தையாகச் சொல்லிக்கொண்டதில்லை.

கடைசியில் ஒப்புக்கொண்டார். வெள்ளை பிளேட்டில் தொழில் செய்யும் பிக்கப்புகளை நிறுத்திப் பிடிப்பது அந்த மழைக்காலத்தில் அதிகமாகியிருந்தது. லாயிட் விண்ணப்பம் கொடுத்து, இன்சூரன்ஸை மாற்றி, வியாழக்கிழமை ஆர்.டி.ஓ.விடம் வண்டியின் ஃபிட்னஸ் காட்ட நாள் வாங்கிவிட்டான். அதற்கு வண்டியைச் சுற்றி ஒளிரும் டேப் ஒட்டியிருக்க வேண்டும். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, இரண்டு பக்கமும் மஞ்சள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மர்பி டவுனில் லாயிட் வீட்டு வாசலிலேயே வண்டியைக் கழுவித் துடைத்து ஒட்டினார்கள். லாயிட் முன்பக்கமும் பின்பக்கமும் முடித்து, வலது பக்கத்தையும் நூல் பிடித்த மாதிரி ஒட்டி, ரோலை ஞானசேகரனிடம் எறிந்தான்.

"இந்தா. இடது பக்கம் உன் பக்கம். நீ ஒட்டு."

ஞானசேகரன் பின் மூலையிலிருந்து தொடங்கினார். பின் சக்கரம் வரைக்கும் வந்தார். டேப்புக்கு அடியில் காற்றுக் குமிழ் வந்தது. பிய்த்து மறுபடி ஒட்டினார். மறுபடி குமிழ். எழுந்து நின்றார்.

"ஈரமா இருக்குடா. புடிக்க மாட்டேங்குது. நாளைக்குப் பாப்போம்."

"ஈரமா? வெயில் பல்ல இளிக்குது." லாயிட் குனிந்து தகரத்தைத் தடவிப் பார்த்தான். உலர்ந்துதான் இருந்தது. அவன் ஞானசேகரனின் முகத்தைப் பார்த்தான். "சரி, நாளைக்கு ஒட்டு. ஆனா வியாழக்கிழமைக்குள்ள ஒட்டிடு மச்சான்," என்று மட்டும் சொன்னான். டேப் ரோலை டாஷ்போர்டில் மாதாவுக்குப் பக்கத்தில் வைத்தான்.

மறுநாள் காலைதான் அந்தப் போன் வந்தது.

*

ஆஸ்பத்திரியில் உடலை வாங்குவதற்கு ஒரு ஜன்னலில் நிற்க வேண்டியிருந்தது. ஆஞ்சலா சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், ஒரு காலில் ஒரு செருப்பும் இன்னொரு காலில் வேறு ஜோடிச் செருப்பும். ஞானசேகரன் ஜன்னலுக்குப் போனார்.

"நீங்க இறந்தவருக்கு என்ன வேணும்?" உள்ளே இருந்த பெண் தலையைத் தூக்காமலேயே கேட்டாள்.

"மச்சான்," என்றார். யோசிக்கவே இல்லை. வண்டி ஜன்னலில் எத்தனையோ தடவை அவருக்காக லாயிட் சொன்ன பதில் அது. தன் வாயால் அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

"மனைவியோட அண்ணனா?"

"ஆமா."

"பேரு?"

"ஞானசேகரன்."

அந்தப் பெண் இப்போது நிமிர்ந்தாள். தாளில் இருந்த லாயிட் என்ற பெயரையும் அவர் நெற்றியையும் பார்த்தாள். அந்த இடத்தில் லாயிட் சொல்ல வேண்டிய வசனம் ஒன்று இருந்தது. ஞானசேகரன் அதற்காக ஒரு நொடி காத்திருந்தார். பிறகு காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். பெஞ்சிலிருந்து ஆஞ்சலா அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

மதியத்துக்கு மேல் கே.ஜி.எஃப்.பிலிருந்து அவள் அண்ணன் ஜெரோம் வந்து சேர்ந்தார். கூடப் பிறந்த அண்ணன். பேங்கில் வேலை. நல்ல மனிதர், வந்ததும் தங்கையின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றார். பிறகு ஜன்னலுக்குப் போய்த் திரும்பி வந்தார், முகத்தில் குழப்பம்.

"மச்சான் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுட்டாருங்கறாங்க. நான்தானே மச்சான்? யாரு போட்டது?"

"சேகர் அண்ணன்."

"எந்த சேகர் அண்ணன்?"

ஆஞ்சலா அழுது ஓய்ந்திருந்தாள். வார்த்தை தேடும் தெம்பு அவளிடம் இல்லை. "அதான்... வண்டியில கூடப் போவாரே."

"ஓ. லேபரா." ஜெரோம் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஞானசேகரனைப் பார்த்துத் தலையசைத்தார். "தேங்க்ஸ்ங்க. ரொம்ப ஹெல்ப் பண்ணியிருக்கீங்க."

ஞானசேகரனும் தலையசைத்தார். ஒன்றுமில்லை என்பதுபோலக் கையை ஆட்டினார். பிறகு வராந்தாவின் கடைசி வரைக்கும் நடந்து போய், தண்ணீர்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டார். முகத்தைத் துடைத்தபோது துண்டில் விபூதி எல்லாம் வந்துவிட்டது.

*

அடக்கம் மறுநாள் மதியம். கோயில் பூசை முடிந்து சவப்பெட்டி சவ வண்டியில் ஏறியது. சொந்தக்காரர்களுக்கு வண்டி போதவில்லை. பிக்கப் சாவியை ஆஞ்சலா ஜெரோமிடம் கொடுத்தாள். பின் சீட்டில் மூன்று பெண்கள் ஏறினார்கள். தலையணையையும் குடையையும் மடியில் வைத்துக்கொண்டார்கள். பிக்கப்பின் பின்பெட்டியில் நாலு பேர் ஸ்பிரிங்குகளுக்கு நடுவில் உட்கார்ந்தார்கள். முன் சீட்டில் இடது பக்கம் காலியாக இருந்தது. யாரும் சொல்லாமலேயே அதை அவருக்கென்று விட்டிருந்தார்களா, அல்லது அவசரத்தில் கவனிக்காமல் விட்டார்களா, தெரியவில்லை. ஞானசேகரன் ஏறி உட்கார்ந்தார்.

ஜெரோம் கியர் போடத் தடுமாறினார். "ரெண்டாவது கியர் கொஞ்சம் இழுத்துப் போடணும்," என்றார் ஞானசேகரன். ஓட்டத் தெரியாதவர், ஆனால் அந்த வண்டியின் ஒவ்வொரு சத்தமும் அவருக்குத் தெரியும்.

"இது என்ன, ஒரு பக்கம் டேப் இருக்கு, ஒரு பக்கம் இல்ல?"

"எல்லோ போர்டு பண்றோம். வியாழக்கிழமை ஃபிட்னஸ் காட்டணும்."

ஜெரோம் தயங்கினார். "இன்னிக்குத்தான் வியாழக்கிழமை."

அல்சூர்ப் பக்கம் ஒரு சந்திப்பில் சவ வண்டியை விட்டுவிட்டுப் போலீஸ்காரர் இவர்களுக்குக் கையைக் காட்டினார். ஞானசேகரனின் முதுகு தானாக நிமிர்ந்தது. போலீஸ்காரர் ஜன்னலில் குனிந்து, மாதா சொரூபத்தையும் பின் சீட்டுப் பெண்களையும் பார்த்தார்.

"இதுவும் அதுகூடத்தானா?"

"ஆமா சார். ஃபேமிலி," என்றார் ஜெரோம்.

போலீஸ்காரர் தொப்பியைத் தொட்டுவிட்டு வழிவிட்டார். அந்த ஜன்னலில் அந்த வார்த்தை பொய்யில்லாமல் சொல்லப்பட்டது அன்றுதான். அதில் தானும் சேர்த்தியா என்று ஞானசேகரன் யாரிடம் கேட்பார்? கல்பள்ளி கல்லறைத் தோட்டம் வரும்வரைக்கும் அவர் தன் முழங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

*

தொம்மலூர் மருந்துக் கடை ஷட்டரை அவர் அடுத்த வாரம்தான் போய்ச் சரிசெய்தார். நாகேஷின் கூட்ஸ் ஆட்டோவில் ஸ்பிரிங்கை ஏற்றிக்கொண்டு போனார்கள். பதினோரு மணி வரைக்கும் ஒரு பக்கத்துத் தெருவில், மற்ற எல்லோ போர்டு வண்டிகளோடு நிற்க வேண்டியிருந்தது. டிரைவர்கள் செய்தித்தாள் படித்தார்கள், ஒருவன் சட்டையைக் கழற்றி முதுகைச் சொறிந்துகொண்டான். நாகேஷ் இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்தார். லாயிட் இருந்தபோது போட்ட சண்டையின் மிச்சத்தை அவர் எடுக்கவில்லை. "நல்ல மனுஷன்," என்றார். ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடியும், "நல்ல மனுஷன்," என்றார்.

பெரிய சாலையில் ஏறியதும் ஒரு சோதனை. இன்ஸ்பெக்டர் வந்தார். மஞ்சள் பிளேட்டைப் பார்த்தார். நாகேஷ் நீட்டிய பேப்பரைப் பார்த்தார். பின்னால் கிடந்த இரும்பைப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். நாகேஷின் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஞானசேகரனின் மேல் அவர் கண் நிற்கவே இல்லை.

"பாத்தீங்களா அண்ணே," என்றார் நாகேஷ். "பேப்பர் கரெக்டா இருந்தா ஒரு கேள்வி கிடையாது. ராஜா மாதிரி போலாம்."

லாயிட் சொன்னதும் அதுதானே. நீ யாரு என்னன்னு எவனும் கேக்க மாட்டான். கேட்கவில்லைதான். மச்சான் என்று சொல்ல வேண்டிய தேவையும் வரவில்லை.

ஏணி அப்படியே இருந்தது. ராஜேஷ்குமார் அதில் ஒரு சின்ன போர்டு தொங்கவிட்டிருந்தார், தலை பத்திரம் என்று. "வாரம் பூரா இதுக்கு அடியிலதான் யாபாரம்," என்றார். "உங்க ஆளு வரலையா?" ஞானசேகரன் ஏணியை எடுத்து விரித்து மேலே ஏறினார். ஸ்பிரிங்கை முறுக்கும்போது ஒருவர் கம்பியைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் சுற்ற வேண்டும். கம்பியை நாகேஷ் பிடித்தார். ஞானசேகரன் பழக்கத்தில் ஒரு ஸ்பேனருக்காகக் கையைப் பின்னால் நீட்டினார். கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு தானே இறங்கிப் போய் எடுத்துக்கொண்டார்.

*

முப்பதாம் நாள் பூசைக்கு அவரும் போனார், கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு. எல்லோரும் போன பிறகு ஆஞ்சலா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஜெரோம் வண்டிய கே.ஜி.எஃப்.புக்கு எடுத்துட்டுப் போறேங்கறான். பிள்ளைங்கள ஸ்கூல்ல விட, கோயிலுக்குப் போக வர. ஒயிட் போர்டாவே இருக்கட்டுங்கறான். அந்த அப்ளிகேஷன கேன்சல் பண்ணிடலாமாம்."

ஞானசேகரன் வாசலைப் பார்த்தார். அங்கிருந்து வண்டியின் இடது பக்கம் தெரிந்தது. இத்தனை வருஷம் ஒயிட் போர்டே இருக்கட்டும் என்று வாதாடியவர் அவர்தான். வாதத்தில் இப்போது அவர் ஜெயித்துவிடலாம். ஜெயித்தால் வண்டி போய்விடும்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்றாள் ஆஞ்சலா.

"லாயிட் எல்லோதான் கேட்டான்மா."

"அவரு கேட்டது எனக்குத் தெரியாதா? நீங்க என்ன சொல்றீங்கன்னு கேட்டேன்."

"எல்லோவே போடலாம்."

"போர்ட மாத்தக் கூடாதுன்னு இந்த வீட்டுக்குள்ளயே எத்தனை தடவ சண்ட போட்டிருக்கீங்க. அப்ப எதுக்கு அண்ணே அவ்ளோ பிடிவாதம்?"

அதற்கு அவரிடம் அம்மாவின் கதை இருந்தது. காலை நேரத் தடை இருந்தது. இரண்டையும் அவர் சொல்லவில்லை. ஆஞ்சலா அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி குழம்பை ஊற்றினாள், கேட்காமலேயே.

"சரி. என் பேருக்கு மாத்திட்டு எல்லோ போட்டுடலாம். டிரைவர் ஒருத்தரப் பாருங்க, நாகேஷ் அண்ணனக் கேட்டா சொல்லுவாரு. வேலைய நீங்க நடத்துங்க. ஜெரோம்கிட்ட நான் பேசிக்கறேன், அவன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டான்." எழுந்து போனவள் நின்று திரும்பினாள். "அந்த டேப்ப மட்டும் முடிச்சுடுங்க அண்ணே. அது இல்லாம ஃபிட்னஸ் குடுக்க மாட்டாங்களாம்."

பெயர் மாற்றம் நடந்துவிட்டது. டிரைவரும் கிடைத்துவிட்டார், ராஜேந்திரன் என்று, நாகேஷுக்குத் தெரிந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஞானசேகரன் மர்பி டவுனுக்கு வந்து, பேட்டரி இறங்காமல் இருக்க வண்டியை ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிடுகிறார். அதற்கு வலது சீட்டில் உட்கார வேண்டும். எஞ்சின் ஓடும்போது அவர் மாறி இடது பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறார். ஆஞ்சலா ஜன்னல் வழியாக டீ கொண்டுவந்து கொடுக்கிறாள். டேப் ரோல் டாஷ்போர்டில் மாதாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வெயிலில் அதன் ஓரம் லேசாகச் சுருண்டிருக்கிறது.

ஃபிட்னஸுக்குப் புதிதாக நாள் வாங்கியிருக்கிறார்கள், வருகிற செவ்வாய்க்கிழமை. வண்டியின் இடது பக்கத்தில் டேப் பின் சக்கரம் வரைக்கும்தான் ஒட்டியிருக்கிறது.